சண்டிதாசா: பவளத்திட்டை விற்ற கடற்கரை ஊர்

சண்டிதாசா, இந்தோனேசியாவின் பாலித் தீவில் கிழக்குக் கரையோரம் உள்ள சிற்றூர். கரங்காசெம் மாவட்டத்தைச் சேர்ந்தது. பாலியையும் லொம்போக் தீவையும் இணைக்கும் பாடாங்பாய் கப்பல்துறையிலிருந்து சாலை வழியே சுமார் 12 கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது. 1970-கள் வரை மீனவர் வீடுகளும் தென்னந்தோப்பும் ஒரு பழைய கோயிலும் தவிர இங்கே பெரிதாக எதுவும் இல்லை. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் இது பெயர்பெற்ற சுற்றுலாத் தலமாயிற்று. அதே இருபது ஆண்டுகளில் தன் மணற்கரையையும் இழந்தது. இரண்டுக்கும் பின்னால் இருந்தது பாலியின் கட்டுமான வேகம். கடலரிப்பைப் பற்றிய பேச்சில் இந்த ஊரின் பெயர் இன்றும் அடிபடுவதற்குக் காரணம் அதுதான்.

அமைவிடம்

பாலியின் தென்கிழக்கில் ஆமுக் விரிகுடா அரைவட்டமாக உள்வாங்கியிருக்கிறது. அதன் மேற்கு முனையில் பாடாங்பாய். கிழக்குப் பக்கம் சண்டிதாசா. இடையில் மங்கிஸ் பகுதியில் எண்ணெய்க் கிடங்கு ஒன்றும், தானா ஆம்போவில் உல்லாசக் கப்பல்களுக்கான துறை ஒன்றும் உண்டு. மாவட்டத் தலைநகரான அம்லாபுராவுக்குச் செல்லும் நெடுஞ்சாலை சண்டிதாசாவின் நடுவே ஓடுகிறது. சாலையின் ஒருபுறம் குன்றுகள், மறுபுறம் கடல். இடையிலுள்ள குறுகிய பட்டையில்தான் ஊர் முழுவதும் அடங்கியிருக்கிறது.

கடலுக்கு அப்பால் தெரிவது லொம்போக். வானம் தெளிந்த காலைகளில் அந்தத் தீவின் ரிஞ்சானி மலையை (3,726 மீட்டர்) கரையில் நின்றே பார்க்கலாம். இரு தீவுகளுக்கும் நடுவிலுள்ள லொம்போக் நீரிணை ஆழமானது, நீரோட்டம் மிகுந்தது. பசிபிக் பெருங்கடலின் நீர் இந்தியப் பெருங்கடலுக்குள் இறங்கும் முக்கிய வாய்க்கால்களில் இதுவும் ஒன்று. இயற்கையியலாளர் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் 1856-இல் பாலியிலிருந்து லொம்போக்குக்குக் கடந்தபோது, அக்கரையில் பறவையினமே மாறிவிடுவதைக் கண்டு வியந்தார். பாலியில் காணாத வெண்கொண்டைக் கிளிகள் லொம்போக்கில் இருந்தன. ஆசிய விலங்கினத்துக்கும் ஆஸ்திரேலிய விலங்கினத்துக்கும் எல்லையாக அவர் வகுத்த 'வாலஸ் கோடு' இந்த நீரிணை வழியாகத்தான் செல்கிறது.

சண்டிதாசாவுக்கு எதிரே தெபெகோங், மிம்பாங், பியாகா என்ற சிறு பாறைத் தீவுகள் நிற்கின்றன. இவற்றில் மக்கள் குடியிருப்பு இல்லை. ஊரின் பிற்கால வாழ்வில் இந்தப் பாறைகளுக்குப் பெரிய பங்கு கிடைத்தது.

கோயிலும் தாமரைக் குளமும்

ஊருக்குப் பெயர் தந்தது இங்குள்ள கோயில். சாலையை ஒட்டிய குன்றுச் சரிவில் இரண்டு தட்டாக அமைந்த இக்கோயில் 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கருதப்படுகிறது. மேல்தட்டில் சிவனுக்கு வழிபாடு. கீழே குழந்தைகள் சூழ அமர்ந்திருக்கும் ஹாரீதியின் சிலை. பௌத்த மரபில் ஹாரீதி முதலில் பிள்ளைகளைக் கொன்று தின்ற அரக்கி; புத்தரால் மனம் திருந்திக் குழந்தைகளைக் காக்கும் தாயானவள். சிவனும் ஹாரீதியும் ஒரே வளாகத்தில் வழிபடப்படுவது பாலிச் சமயத்தின் இயல்பைக் காட்டுகிறது. பிள்ளைப்பேறு வேண்டும் தம்பதியர் இன்றும் தென்னங்குருத்துத் தட்டில் பூவும் சோறும் வைத்து, ஊதுபத்தி ஏற்றி அவள் முன் வணங்குகிறார்கள்.

கோயிலுக்கு எதிரே, சாலைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு நீர்நிலை. குன்றிலிருந்து வரும் ஊற்றுநீர் கடலில் சேருமுன் தேங்கிய இடம் இது. தாமரை படர்ந்த இந்தக் குளம்தான் இன்று ஊரின் அடையாளம்.

மீனவர் குடியிருப்பின் பெயர் சமூ. அது புக்புக் என்ற பெரிய பழங்கிராமத்தைச் சேர்ந்தது. சுற்றுலா வந்த பிறகே கோயிலின் பெயர் கடற்கரைப் பகுதி முழுவதற்கும் நிலைத்தது.

சமூவின் மீனவர்கள் ஓட்டுவது ஜுக்குங் என்னும் ஒடுக்கமான மரப்படகு. இருபுறமும் நீண்ட மூங்கில்கள் பொருத்தியிருப்பதால் நீரோட்டத்திலும் கவிழாது. முகப்பு யானைத் தலையும் மீனுடலும் கலந்த உருவமாகச் செதுக்கப்பட்டு, இரு பக்கமும் கண்கள் தீட்டப்பட்டிருக்கும். இருட்டில் வழிகாண அந்தக் கண்கள் துணை என்பது மீனவர் நம்பிக்கை. முக்கோணப் பாயை விரித்து விடியலுக்கு முன் புறப்பட்டு, வெயில் ஏறுவதற்குள் கரை திரும்புவார்கள்.

பாடாங்பாய் துறை

சண்டிதாசாவின் கதை பாடாங்பாயைச் சேர்த்தே சொல்லப்பட வேண்டியது. மலைமுனை காற்றைத் தடுக்கும் சிறு குடாவான பாடாங்பாய், கிழக்குப் பாலியின் இயற்கைத் துறை. அதன் முனையில் உள்ள சீலாயுக்தி கோயில், 11-ஆம் நூற்றாண்டில் ஜாவாவிலிருந்து வந்த அறிஞர் எம்பு குத்தூரான் தவமிருந்த இடமாகப் போற்றப்படுகிறது. ஒவ்வொரு பாலிக் கிராமத்திலும் மூன்று கோயில்கள் இருக்க வேண்டும் என்ற ஒழுங்கை ஏற்படுத்தியவர் அவரே என்பது மரபு.

1849-இல் இந்தக் குடா போர்முனையாயிற்று. வடபாலியில் ஜாகராகா கோட்டையை வென்ற டச்சுப் படை, கப்பலில் தீவைச் சுற்றிவந்து பாடாங்பாயில் இறங்கியது. லொம்போக் அரசின் படைகளும் டச்சுக்காரர்களோடு சேர்ந்து கரங்காசெமைத் தாக்கின. கரங்காசெம் அரசர் சரணடையாமல் உயிர்துறந்தார். டச்சுப் படை மேற்கே முன்னேறிக் குசாம்பாவைப் பிடித்தது. மே 25 அன்று இரவு கிளுங்குங் அரசின் வீரர்கள் அங்கிருந்த முகாம்மீது பாய்ந்தார்கள். அந்தத் தாக்குதலை முன்னின்று திட்டமிட்டவர் கிளுங்குங்கின் அரசியான தேவா ஆகூங் இஸ்திரி கன்யா. டச்சுத் தளபதி மிகீல்ஸ் அதில் படுகாயமுற்று இறந்தார். படை பாடாங்பாய்க்கே பின்வாங்கியது. தென்பாலியில் தங்கியிருந்த டென்மார்க் வணிகர் மாட்ஸ் லாங்கே நடுநின்று பேச, அவ்வாண்டு ஜூலையில் உடன்படிக்கை ஏற்பட்டது. கிளுங்குங் டச்சு ஆட்சிக்குள் முழுமையாக வீழ்ந்தது 1908-இல்தான்.

இன்று பாடாங்பாய் இரவும் பகலும் ஓயாத துறை. ஜாவாவிலிருந்து பாலிக்கு வரும் லாரிகள் தீவைக் குறுக்காகக் கடந்து இங்கே வந்து வரிசையில் நிற்கும். அவற்றை ஏற்றிக்கொண்டு லொம்போக்கின் லெம்பார் துறைக்குக் கப்பல்கள் 24 மணி நேரமும் போய்வருகின்றன. பயணம் நான்கைந்து மணி நேரம் பிடிக்கும். அங்கிருந்து சும்பாவா, புளோரஸ் என்று தீவு தீவாக இந்தோனேசியாவின் கிழக்குச் சாலை நீள்கிறது. நுசா பெனிடா தீவுக்கும் இங்கிருந்து கப்பல் உண்டு. லொம்போக்கின் வடமேற்கிலுள்ள கிலித் தீவுகளுக்கு விரைவுப் படகுகளும் ஓடத் தொடங்கிய பிறகு, துறை உள்ளூர் வணிகத்தோடு வெளிநாட்டுப் பயணிகளுக்கும் வாசலானது.

துறையில் இரைச்சலும் டீசல் வாடையும் உண்டு; தங்கும் இடம் குறைவு. லொம்போக்குக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் ஓர் இரவு அமைதியாகத் தங்க அடுத்த ஊரைத் தேடினார்கள். சண்டிதாசாவின் முதல் விருந்தினர்களில் பலர் அப்படி வந்தவர்களே.

தெங்கானானும் புக்புக்கும்

சண்டிதாசாவிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே தெங்கானான் பெகிரிங்சிங்கான் கிராமம். ஜாவாவிலிருந்து மஜபாகித் பேரரசின் பண்பாடு பரவுவதற்கு முன்பிருந்த மரபுகளைக் காத்துவரும் 'பாலி ஆகா' மக்கள் இங்கே வாழ்கிறார்கள். இவர்களின் முதன்மைத் தெய்வம் இந்திரன். ஆண்டுக்கொருமுறை நடக்கும் பெருவிழாவில் இளைஞர்கள் முள் தாழை மடல்களை ஆயுதமாகவும் பிரம்புத் தட்டைக் கேடயமாகவும் ஏந்தி மோதுவார்கள். முதுகில் ரத்தம் வழியும். விளையாட்டு முடிந்ததும் மஞ்சள் கலந்த மருந்தை ஒருவருக்கொருவர் பூசிக்கொள்வார்கள்.

கிராமம் பிறந்ததைச் சொல்லும் கதையும் சுவையானது. பெடாகுலு அரசனின் வேள்விக் குதிரை காணாமல் போனது. குதிரையின் பெயர் உச்சைச்சிரவம். தேடிச் சென்றவர்கள் அது இறந்துகிடக்கக் கண்டார்கள். செத்த குதிரையின் நாற்றம் எட்டும் தூரம் வரை நிலம் உங்களுக்கே என்றான் அரசன். அளக்க வந்த அதிகாரி எவ்வளவு தூரம் நடந்தும் நாற்றம் விடவில்லை. உடன் நடந்த கிராமத் தலைவன் குதிரை இறைச்சித் துண்டு ஒன்றைத் தன் ஆடைக்குள் மறைத்து வைத்திருந்தான் என்று கதை முடிகிறது.

தெங்கானானின் புகழுக்குக் காரணம் கிரிங்சிங் துணி. பாவு, ஊடு இரண்டையும் நெய்வதற்கு முன்பே கட்டிச் சாயமேற்றும் 'இரட்டை இக்கத்' முறை உலகில் வாழும் இடங்கள் மிகச் சில: இந்தியாவில் குஜராத்தின் பட்டோலா நெசவும் தெலங்கானாவின் சில நெசவூர்களும், ஜப்பான், பிறகு இந்தக் கிராமம். கையால் நூற்ற பருத்தி நூல் முதலில் கெமிரிக் கொட்டையின் எண்ணெயில் வாரக்கணக்கில் ஊறும். பிறகு அவுரி நீலம் ஏற வேண்டும். அவுரிச் சாயம் காய்ச்சுவது தெங்கானானில் மரபுப்படி விலக்கு. எனவே நூல் புக்புக் கிராமத்துக்குப் போய் நீலமேறித் திரும்பும். சிவப்புக்கு நுணாவின் வேர்ப்பட்டை வேண்டும். அது நுசா பெனிடாவிலிருந்து கடல் கடந்து வரும். ஒரு துணி முழுமை பெற ஆண்டுகள் ஆகும். நோய் அண்டாமல் காக்கும் துணி என்று கருதுவதால் பல் ராவும் சடங்கு, திருமணம் போன்ற நிகழ்ச்சிகளில் இது இடம்பெறுகிறது. மலையடிவாரக் கிராமம், கடலோரக் கிராமம், எதிரே உள்ள தீவு ஆகிய மூன்றும் கைகோத்தால்தான் இந்தத் துணி உருவாகும். சாலையும் சுற்றுலாவும் வருவதற்கு நெடுங்காலம் முன்பே இந்தக் கரையோரம் ஒன்றையொன்று சார்ந்து இயங்கியதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

எரிமலைக்குப் பின்

ஊருக்கு வடமேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் பாலியின் மிக உயர்ந்த மலையான ஆகூங் நிற்கிறது. 1963 பிப்ரவரியில் அது சீறத் தொடங்கியது. மார்ச் 17 அன்று பெருவெடிப்பு நிகழ்ந்தது. அவ்வாண்டு வெடிப்புகளில் இறந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். கரங்காசெமின் வயல்கள் சாம்பலில் புதைந்தன; சாலைகள் துண்டிக்கப்பட்டன; பல குடும்பங்கள் வேறு தீவுகளுக்குக் குடிபெயர்ந்தன. பாலியின் பிற பகுதிகள் நிமிர்ந்த பிறகும் கிழக்கு மாவட்டம் வறுமையிலிருந்து மீள நெடுங்காலம் பிடித்தது.

அதே காலத்தில் தீவின் தெற்கு முனை வேறு திசையில் பாய்ந்தது. 1969-இல் டென்பசாருக்கு அருகே பன்னாட்டு விமான நிலையம் திறக்கப்பட்டது. 1970-களில் நுசா துவாவில் உலக வங்கிக் கடனில் விடுதி நகரம் ஒன்று திட்டமிடப்பட்டது. கூட்டா, சானூர் கடற்கரைகளில் கட்டடங்கள் எழுந்தன. கட்டடத்துக்குச் சுண்ணாம்பு வேண்டும். வறுமை தின்ற கிழக்குக் கரையில், கழுத்தளவு நீரில் சுண்ணாம்பு இலவசமாகக் கிடந்தது.

சுண்ணாம்புக் காளவாய்கள்

சண்டிதாசாவின் கரைக்கு முன்னே, கரையை ஒட்டியே நீண்டு கிடந்த பவளத்திட்டுதான் அந்தச் சுண்ணாம்பு. வற்றுநேரத்தில் அது நீருக்கு மேல் தலைகாட்டும். கடப்பாரையால் பெயர்த்துப் படகில் ஏற்றிக் கரைசேர்த்தால் விற்பனைக்குத் தயார். மீன் அகப்படாத நாளிலும் கூலி கிடைத்தது. கரையோரத்தில் காளவாய்கள் எழுந்தன.

வேலை எளியது. பவளம் என்பது கால்சியம் கார்பனேட். காளவாயில் விறகடுக்கி, மேலே பவளக் கட்டிகளைப் பரப்பி, 900 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றினால் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். தண்ணீர் தெளித்தால் பொருமி, வெடித்து, மாவாகும். நூறு கிலோ பவளத்திலிருந்து ஐம்பத்தாறு கிலோவுக்குமேல் சுட்ட சுண்ணாம்பு கிடைக்காது. மீதி வாயுவாகப் போய்விடும். உருண்டைப் பவளங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளர்கின்றன. எனவே ஒரு மீட்டர் உயரக் கட்டி உருவாகச் சுமார் நூறாண்டு. காளவாயில் அது சுண்ணாம்பாக ஓரிரு நாள் போதும்.

1970-களிலும் 1980-களிலும் இந்தத் தொழில் நடந்தது. 1970-களில் சமூவின் கரையில் பயணிகளுக்கான முதல் ஓலைக்குடில்கள் எழுந்தன. 1980-களில் அவற்றை ஒட்டி விடுதிகள் நெருக்கியடித்துக்கொண்டு வந்தன. அந்த விடுதிகளின் சுவர்களுக்கும் இதே சுண்ணாம்பு போயிற்று. வெண்மணலைப் பார்க்க வருபவர்களுக்காக, அந்த மணலைக் காத்துநின்ற திட்டையே உடைத்து அறை கட்டினார்கள்.

பவளத்திட்டு கரைக்கு இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, அலையை உடைப்பது. 2014-இல் வெளியான ஓர் உலகளாவிய ஆய்வின்படி, பவளத்திட்டுகள் கரையை நோக்கிவரும் அலையாற்றலில் சராசரியாக 97 விழுக்காட்டைத் தணித்துவிடுகின்றன. இரண்டு, மணல் தருவது. உடைந்த பவளத் துணுக்குகளும் சிப்பிகளும் அரைபட்டுத்தான் வெள்ளை மணலாகின்றன. திட்டு போனால் அலையைத் தடுக்கவும் ஆளில்லை. போன மணலை நிரப்பவும் ஆளில்லை.

சண்டிதாசாவில் இரண்டும் ஒன்றாக நடந்தன. லொம்போக் நீரிணையின் அலைகள் நேராகக் கரையில் மோதின. 1980-களின் பிற்பகுதிக்குள் மணல் பெரும்பாலும் கரைந்துபோனது. கரையோரத் தென்னைகள் வேரோடு சாய்ந்தன.

குற்றம் கடப்பாரை பிடித்தவர்கள் மீது மட்டும் சுமத்தத்தக்கதல்ல. எரிமலை வயலை விழுங்கிய மாவட்டத்தில் அன்றாடக் கூலிக்கு வேறு வழி காட்டியவர் எவருமில்லை. தெற்கே விடுதி கட்டியவர்களும் சுண்ணாம்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்கவில்லை. பவளம் வெட்டுவது பிற்பாடு நிறுத்தப்பட்டபோது கரைக்கு அருகிலிருந்த திட்டின் பெரும்பகுதி போயிருந்தது.

தூண்டில் வளைவுகள்

மிஞ்சிய கரையைக் காக்க அரசு கான்கிரீட்டை நாடியது. கடலுக்குள் 'டி' வடிவத்தில் நீளும் தூண்டில் வளைவுகள் வரிசையாகக் கட்டப்பட்டன. விடுதிகளின் முன்னே தடுப்புச் சுவர்கள் எழுந்தன. வளைவுகளுக்கு இடையே சிறு திட்டுகளாக மணல் சேர்ந்தது. நீந்தவும் அமைதியான நீர் கிடைத்தது. ஆனால் நெடுங்கரை திரும்பவில்லை. ஓதம் ஏறும்போது பல விடுதிகளில் படிக்கட்டுக்குக் கீழே கடல்தான்.

ஜப்பான் நிதியுதவியோடு நடக்கும் பாலிக் கடற்கரைப் பாதுகாப்புத் திட்டம் முதற்கட்டத்தில் சானூர், நுசா துவா, கூட்டா ஆகிய கரைகளுக்கு மணலிட்டது. அதன் இரண்டாம் கட்டத்தில் சண்டிதாசா சேர்க்கப்பட்டது. வேறிடத்திலிருந்து மணல் கொண்டுவந்து கொட்டுவதும், தடுப்புகளைச் சீரமைப்பதும் இத்திட்டத்தின் வழி. விற்ற சுண்ணாம்பின் விலையோடு ஒப்பிட முடியாத செலவு இது.

காந்தி ஆசிரமம்

தாமரைக் குளத்துக்கும் கடலுக்கும் நடுவே, கட்டுமான வேகத்துக்கு நடுவிலும் மாறாமல் நின்ற நிலத்துண்டு ஒன்று உண்டு: காந்தி ஆசிரமம். இதை 1970-களில் தொடங்கியவர் கெடோங் பாகுஸ் ஓகா. 1921-இல் கரங்காசெமில் பிறந்தவர். காந்தியின் தன்வரலாற்றை இந்தோனேசிய மொழிக்குக் கொண்டுவந்தவர். இந்தியாவுக்கு வெளியே காந்தியச் சிந்தனையைப் பரப்பியதற்காக 1994-இல் ஜம்னாலால் பஜாஜ் விருது பெற்றார். 2002-இல் காலமானார்.

எளிய குடில்கள், நாள்தோறும் வழிபாடு, யோகப் பயிற்சி, சைவ உணவு, ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வி என்று ஆசிரமம் இயங்கியது. தங்க வரும் வெளிநாட்டவரும் வேலையில் பங்கேற்பது வழக்கம். 'இபு கெடோங்', அதாவது கெடோங் அம்மா என்று ஊரார் அழைத்த அவர், சமயங்களுக்கிடையிலான உரையாடலுக்காக இந்தோனேசியா முழுவதும் அறியப்பட்டவர். தேவைக்கு மேல் எடுக்காதே என்ற கொள்கையைப் போதித்த இடமும், காளவாய்கள் எரிந்த கரையும் ஒரே ஊரில் அருகருகே இருந்தன.

இன்றைய நிலை

மணல் போனதால் பெருங்கூட்டம் தெற்கே கூட்டாவிலேயே நின்றுவிட்டது. 2002 அக்டோபர் 12 அன்று கூட்டாவில் நடந்த குண்டுவெடிப்பில் 202 பேர் இறந்தனர்; தீவு முழுவதும் சுற்றுலா சரிந்தபோது சண்டிதாசாவும் அடிவாங்கியது. 2017-இல் ஆகூங் மீண்டும் விழித்து, மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறினர். ஊர் ஆபத்து வளையத்துக்கு வெளியே இருந்தாலும் அறைகள் காலியாயின. 2020-இன் பெருந்தொற்று மூன்றாவது அடி.

இருந்தும் ஊர் நிலைத்திருக்கிறது. காரணம் மறுபடியும் பவளமே. கரையோரத் திட்டு அழிந்தாலும், எதிரே உள்ள தெபெகோங், மிம்பாங், பியாகா பாறைகளைச் சுற்றிய ஆழ்நீர்ப் பவளங்கள் கடப்பாரைக்கு எட்டாததால் தப்பின. குளிர்நீர் மேலெழும் ஜூலை முதல் அக்டோபர் வரை ஆயிரம் கிலோவுக்கும் மேல் எடை வளரக்கூடிய சூரியமீன்கள் இங்கே வருகின்றன. அவற்றைக் காண உலகெங்கிலுமிருந்து முக்குளிப்பவர்கள் வருகிறார்கள். முன்பு திட்டை உடைத்துக் கூலி பெற்ற கரையில், இன்று திட்டைக் காட்டிக் கூலி பெறுகிறார்கள் படகோட்டிகள். நீரோட்டம் கடுமையானது, உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் அங்கே இறங்குவது ஆபத்து.

மணலில் நடக்க விரும்பும் விருந்தினரை ஊர்க்காரர்கள் கிழக்கே பெராசி கிராமத்தை ஒட்டிய பாசிர் பூத்தி என்ற கடற்கரைக்கு அனுப்புகிறார்கள். இரு மலைமுனைகளுக்கு நடுவே ஒதுங்கிய அந்தக் கரையில் வெள்ளை மணல் இன்னும் இருக்கிறது. ஜுக்குங் படகுகள் அங்கே மணலிலேயே இழுத்து நிறுத்தப்படுகின்றன. அந்தக் கரைக்கு முன்னுள்ள பவளமும், மூன்று பாறைத் தீவுகளைச் சூழ்ந்த பவளமும் சண்டிதாசாவுக்கு மிச்சமிருக்கும் மூலதனம். கட்டுமான அனுமதி தரும் ஒவ்வொரு முறையும் கரங்காசெமின் நிர்வாகம் முதலில் கணக்கில் எடுக்க வேண்டியது அதைத்தான்.